வளையமா வந்த என்பிஎம்1: ஆன்டிபாடி சரி, படம் தப்பு

கேள்வி என்னவோ சிம்பிள் தான். ஒரு புது மூலக்கூறு கையில இருக்கு, அது ஆர்என்ஏ பாலிமரேஸ் 1-ஐ, அதாவது ரைபோசோம் ஆர்என்ஏவ உண்டாக்குற என்சைம, நிறுத்துதானு தெரியணும். நிறுத்துச்சுன்னா ரைபோசோம் ஆர்என்ஏ உற்பத்தி நிக்கும், நியூக்ளியோலஸ் (நியூக்ளியஸுக்குள்ள ரைபோசோம் தயாராகுற உருண்டை) கலைய ஆரம்பிக்கும், அதுக்குள்ள குவிஞ்சு கிடக்குற நியூக்ளியோஃபாஸ்மின்ங்கற புரோட்டீன், அதான் என்பிஎம்1, பழைய ஆளுங்க பி23-னு சொல்லுவாங்க, அது நியூக்ளியோபிளாசத்துக்கு, அதாவது நியூக்ளியஸோட மிச்ச இடத்துக்கு, வந்துரும். அத ஆன்டிபாடி (குறிப்பிட்ட ஒரு புரோட்டீன தேடிப் பிடிக்கிற மூலக்கூறு) போட்டு படம் எடுத்து உள்ள எவ்ளோ, வெளிய எவ்ளோனு ஒரு விகிதமா மாத்தணும். கன்ஃபோகல் மைக்ரோஸ்கோப் ரூமுக்கு இந்த மாதிரி வேலை அடிக்கடி வரும், நானும் படத்த பாக்குற வரைக்கும் பெருசா கண்டுக்கல.

செல் ஹீலா, லேப்ல வளக்குற மனித புற்றுநோய் செல் லைன். 4 சதவீத பாராஃபார்மால்டிஹைடுல ஃபிக்ஸ் பண்ணி (செல்ல இருந்தபடியே கட்டிப் போட்டு), 0.1 சதவீத ட்ரைட்டன்ல பெர்மியபிலைஸ் பண்ணி (மெம்பிரேன்ல ஓட்டை போட்டு), முயல் பாலிகுளோனல் ஆன்டிபாடி போட்டிருந்தாங்க. பாசிட்டிவ் கன்ட்ரோலுக்கு ஆக்டினோமைசின் டி, மில்லிக்கு 50 நானோகிராம். இந்த அளவுல பாலிமரேஸ் 1 தான் முக்கியமா அடி வாங்கும், மைக்ரோகிராம் கணக்குல போட்டா மத்த ஜீன்களை படிக்கிற பாலிமரேஸ் 2-வும் சேந்து நின்னுரும், அப்புறம் எது எதனாலனு பிரிச்சு சொல்லவே முடியாது.

மருந்து போடாத செல்லுல நியூக்ளியோலஸ் ஒவ்வொண்ணும் ஒரு மெல்லிசு வளையம். ஓரம் பளிச்சுனு இருக்கு, நடுவுல ஒரே இருட்டு. மருந்து போட்ட செல்லுல வளையம் மங்கி, நியூக்ளியஸ் முழுக்க சிக்னல் பரவி இருக்கு. இது வரைக்கும் எதிர்பார்த்தது தான். ஆனா நியூக்ளியஸ் மொத்தத்துக்கும் இன்டென்சிட்டிய கூட்டிப் பாத்தா மருந்து போட்ட பக்கம் நல்லாவே ஏறி இருக்கு, ஆக்டினோமைசின்லயும் அப்படியே. ஆராய்ச்சி மாணவி டிராஃப்ட்ல "மருந்து என்பிஎம்1 அளவையும் கூட்டுது"னு ஒரு வரி எழுதியே வச்சிருந்தாங்க.

வெஸ்டர்ன் பிளாட், அதாவது செல்ல கரைச்சு புரோட்டீன்களை ஜெல்ல எடைவாரியா பிரிச்சு ஆன்டிபாடியால பாக்குறது, வேற கதை சொல்லுது. 37, 38 கிலோடால்டன் கிட்ட ஒரே பேண்ட், சுத்தமா, மருந்து போட்டாலும் போடலைனாலும் ஒரே அளவு. (அமினோ அமிலக் கணக்குப்படி 33-க்கு கொஞ்சம் கம்மியா தான் வரணும், ஆனா அமிலத் தன்மை உள்ள பகுதி இருக்குறதால ஜெல்ல மேல தான் ஓடும், அது பழகினது தான். இதே கதை நியூக்ளியோலின்ங்கற இன்னொரு புரோட்டீன்ல இன்னும் மோசம், கணக்கு 77 கிட்ட, ஓடுறது 100-க்கு மேல, தப்பான பேண்டுனு நினைச்சு நல்ல ஆன்டிபாடிய தூக்கிப் போட்டவங்க இருக்காங்க.) அப்போ புரோட்டீன் கூடல, படத்துல மட்டும் கூடுது.

"அண்ணா, ஆன்டிபாடி மேல சந்தேகம்னா நான் எல்லா டெஸ்ட்டும் பண்ணிட்டேன்"னு அவங்க ஒரு ஃபோல்டரையே திறந்து காட்டினாங்க. நிஜமாவே எல்லாம் பண்ணி இருந்தாங்க. என்பிஎம்1 உற்பத்திய குறைக்கிற எஸ்ஐஆர்என்ஏ போட்டு மூணு நாள் விட்டு பாத்தா வெஸ்டர்ன்லயும் படத்துலயும் சிக்னல் இறங்குது. செகண்டரி (முதல் ஆன்டிபாடிய, அதாவது பிரைமரிய, பிடிக்கிற சாயம் ஒட்டின ஆன்டிபாடி) மட்டும் போட்டா ஒண்ணுமே இல்ல. வேற எபிடோப்ப (புரோட்டீன்ல ஆன்டிபாடி ஒட்டுற இடம்) பிடிக்கிற எலி மோனோகுளோனல் ஒண்ணு வாங்கி போட்டிருக்காங்க, அதுலயும் அச்சு அசலா அதே வளையம். 2016-ல ஆன்டிபாடி சரிபார்ப்புக்குனு ஒரு சர்வதேச குழு அஞ்சு வழி சொன்னாங்களே, ஜீன குறைச்சுப் பாக்குறது, ஆன்டிபாடி இல்லாத வேற முறையோட ஒப்பிடுறது, ரெண்டாவது ஆன்டிபாடி, டேக் போட்ட, அதாவது அடையாளம் ஒட்டின புரோட்டீன், இம்யூனோபிரெசிபிடேஷன் பண்ணி மாஸ் ஸ்பெக், அதுல ரெண்டு பக்காவா முடிஞ்சிருந்துச்சு. டேட்டாஷீட்ட எடுத்துப் பாத்தா அதுலயும் வளையம், கீழ "நியூக்ளியோலஸ் ஸ்டெயினிங்"னு பெருமையா போட்டிருக்கு.

எனக்கு உறுத்தினது இங்க தான். அந்த டெஸ்ட் எல்லாமே ஆன்டிபாடி வேற எதையாவது பிடிக்குதானு கேக்குற டெஸ்ட். பிடிக்க வேண்டியது எல்லாத்தையும் பிடிக்குதா, போக வேண்டிய இடத்துக்கு எல்லாம் போகுதானு ஒண்ணு கூட கேக்கல. வெஸ்டர்ன்ல எஸ்டிஎஸ் போட்டு கொதிக்க வச்சு புரோட்டீன பிரிச்சு போட்டுடறோம், அங்க எபிடோப் எல்லாம் திறந்து கிடக்கும். கவர்ஸ்லிப்ல ஃபிக்ஸ் பண்ண செல்லுல அப்படி இல்ல. ரெண்டு ஆன்டிபாடி ஒத்துப்போச்சுங்கறதும் இங்க ஆறுதல் இல்ல, ரெண்டுமே 150 கிலோடால்டன் எடை உள்ள ஐஜிஜி வகை ஆன்டிபாடி, ரெண்டுக்கும் தடை ஒண்ணுதான்னா ரெண்டும் ஒரே பொய்ய தான சொல்லும்.

வளையம் நிஜமா இருக்க வாய்ப்பே இல்லையான்னா, முதல் பார்வைக்கு இருக்கு. அதனால தான் இது இத்தனை பேர ஏமாத்துது. நியூக்ளியோலஸ்ல மூணு பகுதி: நடுவுல ஃபைப்ரில்லார் சென்டர், அத சுத்தி அடர்த்தியான ஃபைப்ரில்லார் பகுதி, ஃபிப்ரில்லாரின்ங்கற புரோட்டீன் இருக்குறது இங்க, அதுக்கு வெளிய கிரானுலார் பகுதி, என்பிஎம்1 வீடு இது தான். 2016-ல ப்ராங்வின் குழு சுத்தமான ஃபிப்ரில்லாரினையும் என்பிஎம்1-ஐயும் குழாயில கலந்து பாத்தப்போ ஒண்ணோட ஒண்ணு கலக்காத துளிங்களா, ஃபிப்ரில்லாரின் உள்ள என்பிஎம்1 வெளியனு தானாவே அடுக்கிக்கிச்சு. அப்போ வெளிய இருக்கற புரோட்டீன் வளையமா தெரியறதுல என்ன தப்புனு கேக்கலாம், மாணவியும் கேட்டாங்க.

தப்பு என்னன்னா, ஹீலா நியூக்ளியோலஸ்ல ஒரே ஒரு சென்டர் இல்ல. சின்னச் சின்னதா நெறைய சென்டர், ஒவ்வொண்ணையும் சுத்தி ஃபிப்ரில்லாரின், இதெல்லாம் கிரானுலார் பகுதிக்குள்ள அங்கங்க பதிஞ்சு கிடக்கும். நிஜமான என்பிஎம்1 படம்னா நல்லா நிரம்பின ஒரு உருண்டை, அதுல சின்ன சின்ன ஓட்டை, ஓட்டைக்குள்ள ஒவ்வொண்ணுலயும் ஒரு ஃபிப்ரில்லாரின் புள்ளினு வரணும். இங்க ஃபிப்ரில்லாரின் ஆன்டிபாடியயும் சேத்து போட்டு பாத்தோம், பச்சை புள்ளிங்க நடுவுல அங்கங்க சிதறி நிக்குது, அதுங்களுக்கு நடுவுல இருக்குற பெரிய இடைவெளில ரெண்டு நிறமும் இல்ல, காலி. என்பிஎம்1 தான் அங்க இருந்தாகணும். அந்த காலி இடம் ஒண்ணே போதும் சந்தேகப்பட.

இன்னொரு துப்பு அதே படத்துலயே இருந்துச்சு, யாரும் பாக்கல. மைட்டோசிஸ்ல, அதாவது ரெண்டா பிரியற கட்டத்துல, இருக்குற செல்லுங்க. பக்கத்து செல்லுங்க சரியா தெரியற எக்ஸ்போஷர்ல இதுங்க எரிஞ்சு போய் வெள்ளையா நிக்குது. மைட்டோசிஸ்ல நியூக்ளியோலஸ் கலைஞ்சுரும், என்பிஎம்1 சைட்டோபிளாசத்துலயும் குரோமோசோம் மேற்பரப்புலயும் பரவிடும். செல் உருண்டு தடிமனா நிக்கறதால கொஞ்சம் கூட தெரியறது சகஜம் தான், ஆனா இவ்ளோ வித்தியாசம் அதால வராது, பக்கத்து செல்லுல இருக்குறத விட பல மடங்கு புரோட்டீன் திடீர்னு முளைக்கவும் செய்யாது. கலைஞ்சு வெளிய வந்ததும் ஆன்டிபாடிக்கு எட்டுது, அவ்ளோ தான். மருந்து போட்ட செல்லுல இன்டென்சிட்டி ஏறினதும் இதே காரணமா இருக்கலாம்னு அப்ப தான் பொறி தட்டுச்சு.

நிரூபிக்கணும்ல. ஜிஎஃப்பிங்கற பச்சையா ஒளிர்ற புரோட்டீன என்பிஎம்1-ஓட ஒட்டி (ஜிஎஃப்பி-என்பிஎம்1) நிலையா வெளிப்படுத்துற ஹீலா லைன் ஒண்ணு இருந்துச்சு, அதுல ஜிஎஃப்பி கம்மியா இருக்குற செல்லுங்களா பாத்து எடுத்தோம், ஏன்னா ஓவரா வெளிப்பட்டா நியூக்ளியோலஸ் உருவமே மாறிப்போகும். ஃபிக்ஸ் பண்ணி, அதே ட்ரைட்டன், அதே ஆன்டிபாடி. ஒரே நியூக்ளியோலஸ்ல பச்சை சேனல்ல ஜிஎஃப்பி முழு உருண்டை, சின்ன ஓட்டைங்களோட, சிவப்பு சேனல்ல ஆன்டிபாடி வளையம். ரெண்டையும் மேல மேல வச்சு நடுவுல கோடு போட்டு இன்டென்சிட்டி பாத்தா ஜிஎஃப்பி மேடு மாதிரி நிக்குது, ஆன்டிபாடி ரெண்டு ஓரத்துல ரெண்டு கொம்பு, நடுவுல பள்ளம்.

சரி, டேக் போட்டதால எபிடோப் மாறிடுச்சோனு ஒரு கேள்வி வரும். அதுக்கு ஜிஎஃப்பிய பிடிக்கிற ஆன்டிபாடி போட்டோம். இந்த கேஸ்ல எனக்கு ரொம்ப பிடிச்ச படம் இது தான். எரியறது ஜிஎஃப்பி, பிடிக்கறதும் ஜிஎஃப்பி, அப்பவும் எரியறது முழு உருண்டை, பிடிச்சது வளையம். எபிடோப் பத்தின வாதம் எல்லாம் அதோட முடிஞ்சுது. அதே ஜிஎஃப்பிக்கு சாயம் ஒட்டின நானோபாடி, அதாவது ரொம்ப குட்டி ஆன்டிபாடித் துண்டு, போட்டா, அது 15 கிலோடால்டன் தான், ஐஜிஜில பத்துல ஒரு பங்கு, உள்ள நல்லாவே நிரம்புது. நூறு சதவீதம்னு சொல்ல மாட்டேன், நடுவுல கொஞ்சம் மங்கல் தான், ஆனா வளையம் போச்சு.

அப்புறம் அந்த லைனுக்கே ஆக்டினோமைசின். ஜிஎஃப்பி மொத்த இன்டென்சிட்டி முன்னாடியும் பின்னாடியும் ஏறத்தாழ ஒண்ணு தான், இடம் மட்டும் மாறுது. ஆன்டிபாடி மொத்தம் ஏறுது. டிராஃப்ட்ல இருந்த அந்த வரிய அன்னைக்கே அடிச்சாச்சு.

ஏன் இப்படி ஆகுதுங்கறதுக்கு ரெண்டு மூணு காரணம் சேந்தே வேலை செய்யுது, ஒண்ணே ஒண்ணுனு சொல்றவங்கள நான் நம்பறது இல்ல. நியூக்ளியோலஸ் ஏற்கனவே அடர்த்தி, அதுல பாராஃபார்மால்டிஹைடு புரோட்டீன்களை ஒண்ணோட ஒண்ணு கட்டிப் போட்டுருது. ஐஜிஜி 10 நானோமீட்டருக்கு மேல அகலம், அதுக்கு மேல செகண்டரி வேற வந்து உக்காரணும். அதோட என்பிஎம்1 செல்லுல அள்ளிக் கொட்டின மாதிரி இருக்கற புரோட்டீன், அஞ்சு அஞ்சா சேந்து வேற நிக்கும், அதனால உள்ள நுழையற ஆன்டிபாடிய ஓரத்துல இருக்கற மூலக்கூறுங்களே பிடிச்சு வச்சுக்கும். கூட்ட பஸ்ல முதல்ல ஏறினவங்க படிக்கட்டுலயே நின்னுட்டா உள்ள இடம் இருந்தும் யாரும் போக முடியாதுல்ல, அந்த கதை. ஆன்டிஜென் (ஆன்டிபாடி பிடிக்க வேண்டிய புரோட்டீன்) செறிவு கூடக் கூட ஆன்டிபாடி அடையாளம் காணுறது கெட்டுப் போகுதுனு 2005-லயே பி23-ய வச்சு ஒரு ஆய்வு வந்திருக்கு, புதுசு ஒண்ணும் இல்ல, யாரும் படிக்கறது இல்ல, அவ்ளோ தான்.

செறிவு தான் வில்லன்னு வச்சுப் பாத்தா அந்த எஸ்ஐஆர்என்ஏ டேட்டாவும் வேற மாதிரி புரியுது. வெஸ்டர்ன்ல என்பிஎம்1 நல்லா இறங்கி இருந்துச்சு, படத்துல அந்த அளவு இறங்கல. முதல்ல இத "படம் அவ்ளோ துல்லியம் இல்ல"னு தள்ளிட்டாங்க. திரும்ப அந்த செல்லுங்களை பெருசு பண்ணி பாத்தா சிலதுல வளையம் தடிச்சு உள்ள நிரம்ப ஆரம்பிச்சிருக்கு. புரோட்டீன் குறைஞ்சதால மிச்சம் இருக்கறது ஆன்டிபாடிக்கு நல்லா எட்டுது, அதான் விஷயம்.

ஃபிப்ரில்லாரின் இதுல தப்பிக்குது, பெரும்பாலும். அது சின்ன சின்ன இடத்துல பிரிஞ்சு இருக்கறதால உள்ள போக வேண்டிய தூரம் கம்மி. அதோட அந்த புரோட்டீனோட வரலாறே ஆன்டிபாடில தான் ஆரம்பிக்குது, 1985-ல ஸ்க்லெரோடெர்மா நோயாளிங்க சீரம் நியூக்ளியோலஸ்ல 34 கிலோடால்டன் புரோட்டீன் ஒண்ண பிடிக்கறத வச்சு தான் அதுக்கு பேரே வச்சாங்க. லேப்ல இன்னைக்கும் ஓடுற 72பி9 குளோன் ஆட்டோஇம்யூன் எலில இருந்து வந்தது, யாரும் ஊசி போட்டு உண்டாக்கினது இல்ல, எலி தானாவே பண்ணிக் குடுத்தது. அதுக்காக ஃபிப்ரில்லாரின்ல எப்பவும் பிரச்சனை இல்லைனு அர்த்தம் பண்ணிக்காதீங்க, ஜிஎஃப்பி போட்டு ஓவரா வெளிப்படுத்தினா அங்கயும் ஆன்டிபாடி தடுமாறும்.

ஸ்டெயினிங்க சரி பண்ண முடியுமானு ஒரு ரவுண்டு போனோம். ட்ரைட்டன 0.5-க்கு ஏத்தினோம், நேரத்தையும் கூட்டினோம், பெருசா ஒண்ணும் நடக்கல, ஏன்னா தடை மெம்பிரேன்ல இல்லையே. பிரைமரிய 4 டிகிரில ராத்திரி முழுக்க விட்டா வளையம் கொஞ்சம் தடிமன் ஆச்சு. பாராஃபார்மால்டிஹைட 2 சதவீதமா குறைச்சா கொஞ்சம் பரவாயில்ல. ஃபிக்ஸ் பண்றதுக்கு முன்னாடியே ட்ரைட்டன் விடலாம்னு ஒருத்தர் சொன்னார், தயவுசெஞ்சு வேண்டாம், நியூக்ளியோபிளாசத்துல லூசா இருக்கறது கழுவிட்டுப் போயிரும், நீங்க அளக்க வந்ததே அதத்தான. மைனஸ் 20 மெத்தனால்ல உள்ள நல்லா நிரம்புச்சு, ஆனா நியூக்ளியோலஸ் சுருங்கிப் போய் ஓரம் எல்லாம் கரடுமுரடா, ஜிஎஃப்பியும் மங்கிடுது, ஒப்பிட ஆள் இல்லாம போச்சு.

நிஜமா வேலை செஞ்சது ரெண்டு. ஒண்ணு, ஃபிக்ஸ் பண்ணதுக்கு அப்புறம் ரொம்ப கொஞ்சமா டிரிப்சின், புரோட்டீன வெட்டுற என்சைம். போட்டதும் வளையம் எல்லாம் நிரம்பி ஜிஎஃப்பி மாதிரியே வந்துச்சு, பாத்ததும் எல்லாருக்கும் ஒரே சந்தோஷம். ஆனா விண்டோ ரொம்ப குறுகல், கொஞ்சம் கூடினா எபிடோப்பே காணாம போகுது, செல்லும் கவர்ஸ்லிப்ப விட்டு கிளம்புது, ஒரே கவர்ஸ்லிப்ல நடுவுக்கும் ஓரத்துக்கும் வித்தியாசம். புரோட்டீன் உள்ள இருக்குனு காட்ட போதும், அளக்க ஆகாது. ரெண்டாவது, பிஹெச் 6 சிட்ரேட் பஃபர்ல சூடு பண்றது, திசு வெட்டுகளுக்கு பண்ற அதே ஆன்டிஜென் ரிட்ரீவல். இது இன்னும் சீரா வந்துச்சு. சூட்டுல ஜிஎஃப்பி அணைஞ்சுரும், அதனால முதல்ல ஜிஎஃப்பி படம் எடுத்து, இடத்த குறிச்சு வச்சுட்டு, சூடு பண்ணி ஸ்டெயின் பண்ணி, திரும்ப அதே செல்ல தேடிப் பிடிக்கணும். பொறுமை உள்ளவங்க பண்ணலாம்.

ஒரு எச்சரிக்கை, வளையம்னு பாத்தாலே பொய்னு முடிவு கட்டிடாதீங்க. கேஐ-67ங்கற புரோட்டீன் இன்டர்ஃபேஸ்ல (செல் பிரியாத நேரத்துல) நிஜமாவே நியூக்ளியோலஸ் ஓரத்துல நிறைய இருக்கும். ஹ்யூமன் புரோட்டீன் அட்லஸ் ஆளுங்க 2020-ல நியூக்ளியோலஸ் ஓரத்த தனி இடமாவே பிரிச்சு பட்டியல் போட்டாங்க. பிரிச்சு பாக்கறதுக்கு எங்க லேப்ல இப்ப கேக்குற கேள்வி: டேக் போட்டாலும் வளையமா? நானோபாடி மாதிரி சின்ன பைண்டர் போட்டாலும் வளையமா? பக்கத்துல மைட்டோசிஸ் செல் காரணமே இல்லாம எரியுதா? முதல் ரெண்டுக்கும் ஆமா, மூணாவதுக்கு இல்லைனா வளையத்த நம்பலாம்.

நோயாளி மாதிரிகளோட வேலை செய்யறவங்களுக்கு ஒரு வார்த்தை. என்பிஎம்1 ஜீன்ல மாற்றம் இருக்கற அக்யூட் மைலாய்டு லுகேமியா, 2005-ல கண்டுபிடிச்சது, பெரியவங்க கேஸ்ல ஏறத்தாழ மூணுல ஒரு பங்கு, அதுல புரோட்டீனோட கடைசி துண்டு மாறிப் போறதால நியூக்ளியோலஸ்ல நிக்க முடியாம சைட்டோபிளாசத்துக்கு வந்துரும். சைட்டோபிளாசத்துல இருக்கறது ஆன்டிபாடிக்கு ஈசியா எட்டும், நியூக்ளியோலஸ்ல மிச்சம் இருக்கறது எட்டாது. இருக்கா இல்லையானு பாக்க அது போதும், பாரஃபின் வெட்டுல எப்படியும் சூடு பண்ணிடறாங்க. ஆனா ஓசிஐ-ஏஎம்எல்3 மாதிரி செல் லைன வெறும் பாராஃபார்மால்டிஹைடுல ஃபிக்ஸ் பண்ணி உள்ள வெளிய விகிதம் போட்டீங்கன்னா சைட்டோபிளாசம் பக்கம் தராசு தானா சாயும். அதோட எபிடோப் எங்க இருக்குனு பாருங்க, கடைசி முனைல இருக்கற குளோன் மாறின புரோட்டீன பாக்கவே பாக்காது.

நம்ம கேஸ் எப்படி முடிஞ்சுதுன்னா, கிரிஸ்பர் (ஜீன வெட்டி ஒட்டுற முறை) வச்சு செல்லோட சொந்த என்பிஎம்1 ஜீன்லயே ஹேலோடேக், அதாவது சாயத்த பிடிச்சுக்குற ஒரு புரோட்டீன் டேக், சொருகினோம். எந்த முனைலங்கறது ஒரு சண்டை. கடைசி முனைல 288, 290-ல இருக்கற டிரிப்டோஃபான் அமினோ அமிலம் ரெண்டும் நியூக்ளியோலஸ்ல நிக்க வேணும், முதல் முனை அஞ்சா சேர வேணும், ரெண்டு பக்கமும் ரிஸ்க் தான். லிங்கர் வச்சு முதல் முனைல போட்டோம், செல் நல்லா வளந்துச்சு. ஹேலோ லிகண்ட் ஒரு குட்டி சாய மூலக்கூறு, உள்ள போறதுல பிரச்சனையே இல்ல, உயிரோட இருக்கற செல்லுலயே பாக்கலாம்.

புது மருந்து பாலிமரேஸ் 1-ஐ நிறுத்துது, அது உண்மை. என்பிஎம்1 வெளிய வருது, அதுவும் உண்மை. ஆனா ஆன்டிபாடி படத்துல செங்குத்தா எகிறின அந்த கிராஃப் ஹேலோல நிதானமா தான் ஏறுது, குறைஞ்ச டோஸ்ல மருந்துக்கும் கன்ட்ரோலுக்கும் வித்தியாசம் சின்னது. முன்னாடி போட்ட டோஸ் கணக்கு அத்தனையும் மாத்த வேண்டியதாச்சு. பேப்பர்ல ஆன்டிபாடி படத்த தூக்கிப் போடல, ஒரே செல்லுல ஹேலோவும் ஆன்டிபாடியும் பக்கத்துல பக்கத்துல வச்சு சப்ளிமென்டரில போட்டாங்க. அந்த முயல் ஆன்டிபாடி வெஸ்டர்னுக்கு இப்பவும் ஓடுது, நல்ல சரக்கு, அது மேல குறை ஒண்ணும் இல்ல.

ரிவ்யூவர் ஒருத்தர் திசு மாதிரில டேக் போட முடியாதே, அங்க மருந்து வேலை செஞ்சுதானு எப்படி காட்டுவீங்கனு கேட்டிருந்தார். அதுக்கு என்பிஎம்1 விகிதத்தையே விட்டுட்டோம். பாலிமரேஸ் 1 நின்னா ஃபிப்ரில்லாரினும், பாலிமரேஸ் 1-க்கு துணையா இருக்கற யூபிஎஃப்ங்கற புரோட்டீனும் நியூக்ளியோலஸ் ஓரத்துல தொப்பி மாதிரி ஒதுங்கி நிக்கும், சூடு பண்ணி ஸ்டெயின் பண்ணி, தொப்பி இருக்கற செல் எத்தனை, இல்லாத செல் எத்தனைனு எண்ணினா போதும். அங்க பாக்கறது உருவத்த, அளவ இல்ல, ஆன்டிபாடி பாதி தான் பிடிச்சாலும் தொப்பி தொப்பி தான். ரிவ்யூவர் அத ஏத்துக்கிட்டார்.